டிக்கி இல்லாத கார்: சின்னக் கரைச்சல்களின் வரலாறு

ஒரு காருக்கு டிக்கிக் கதவே இல்லை எண்டா நம்புவீங்களா?

பின்பக்கம் பார்த்தால் டிக்கி மாதிரித்தான் இருக்கும். உள்ளே இடமும் இருக்கும். ஆனால் வெளியிலிருந்து திறக்க வழியே இல்லை. ஒரு பெட்டியை உள்ளே வைக்க வேண்டுமெண்டால் கார்க் கதவைத் திறந்து, சீற்றை முன்னுக்குச் சாய்த்து, அதற்குப் பின்னால் இருக்கிற ஓட்டைக்குள் தலையை விட்டுப் பெட்டியைத் தள்ள வேண்டும். ஸ்பெயார் சில்லும் அந்த இருட்டுக்குள்தான் கிடக்கும். மழைக்குள்ள நடுறோட்டில் சில்லுக்குக் காற்றுப் போனால் முதலில் பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்து நனைய விட்டு, பிறகு தவழ்ந்து போய் ஸ்பெயாரை இழுத்தெடுக்க வேண்டும்.

இந்தக் காரின் பெயர் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட். 1958 மே மாதம் மொன்ரே கார்லோவில் அறிமுகமானது. முதல் வடிவத்தில் மட்டும் ஏறத்தாழ 49,000 கார்கள் செய்யப்பட்டன. அவ்வளவு பேரும் டிக்கிக் கதவு இல்லையெண்டு தெரிஞ்சுதான் வாங்கினார்கள்.

கார்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழமையாக வேகத்தைப் பற்றி எழுதுவார்கள். எத்தனை குதிரைவலு, எந்தப் பந்தயத்தில் யார் வென்றார், யார் வடிவமைத்தார். நாங்கள் இந்தக் கட்டுரையில் வேறொரு பக்கத்தால் போய்ப் பார்க்கிறோம். சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்களுக்கு இருந்த சின்னச் சின்னக் கரைச்சல்கள்தான் எங்கட விஷயம். ஒழுகுகிற கூரை, பத்தாத இடம், மழையில் அணைகிற லைட், நிறுத்திய இடத்தில் ஒயில் கறை. இவற்றை ஏதோ தற்செயலான குறைபாடுகள் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கரைச்சலையும் பிடித்து இழுத்தால் அதன் மற்ற முனையில் ஒரு கணக்குப் புத்தகமோ, ஒரு வரிச் சட்டமோ, ஒரு அரசாங்கக் கொள்கையோ இருக்கிறது. கடைசியில் அந்த நூல் எங்கட ஊருக்கும் வந்து சேருகிறது.

மலிவுக்குப் பிறந்த பிள்ளை

முதலில் 1929க்குப் போவம். அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான். ஒக்ஸ்போர்டில் மொறிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தை நடத்திய சிசில் கிம்பருக்கு ஒரு யோசனை. அப்போதுதான் மொறிஸ் கொம்பனி 'மைனர்' எண்டு ஒரு சின்னக் குடும்பக் காரை இறக்கியிருந்தது. அதன் 847 சிசி எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் எடுத்து, மேலே மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் போட்டு, அதைத் துணியால் மூடி, பின்பக்கம் படகு மாதிரிக் கூராக முடித்தார்கள். விலை 175 பவுண். பெயர் எம்.ஜி. மிட்ஜெட். மொறிஸ் கராஜஸின் முதல் எழுத்துகள்தான் அந்த எம்.ஜி.

இந்த 'மைனரை' ஞாபகம் வைத்திருங்கள். எங்களுக்குத் தெரிந்த மொறிஸ் மைனர் இதுவல்ல, அது பிறகு வந்தது. ஆனால் கதை ஒண்டுதான்: குடும்பக் காரின் உறுப்புகளை எடுத்து, உடம்பை மாற்றி, ஸ்போர்ட்ஸ் காராக விற்பது. சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் முழு வரலாறும் இந்தச் சூத்திரத்துக்குள்தான் ஓடுகிறது. பெரும்பாலான கரைச்சல்களும் இங்கேதான் தொடங்குகின்றன. எஞ்சினை இரவல் வாங்கலாம், ஸ்டியரிங்கை இரவல் வாங்கலாம். ஆனால் கூரை, கண்ணாடி, டிக்கி எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். புதிதாகச் செய்தால் காசு. ஆகவே அவற்றில்தான் கை வைத்தார்கள்.

ஏற்றுமதிக்கு ஒரு கார்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. டொலர் தேவை. உருக்குத் தட்டுப்பாடு. அரசாங்கம் கார்க் கொம்பனிகளுக்குச் சொன்னது இதுதான்: வெளிநாட்டுக்கு விற்கிறவனுக்குத்தான் உருக்கு. எம்.ஜி. கொம்பனியிடம் புதுக் கார் வடிவமைக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. போருக்கு முந்திய வடிவத்தைக் கொஞ்சம் திருத்தி 1945இல் 'டி.சி.' எண்டு இறக்கினார்கள். 1949 வரை ஏறத்தாழ 10,000 கார்கள். அதில் 2,000 அளவில் அமெரிக்காவுக்குப் போனது.

அமெரிக்காவில் றோட்டின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் டி.சி. ஒரு காரில்கூட ஸ்டியரிங் இடப்பக்கம் இல்லை. எல்லாமே எங்கட நாட்டில் போல வலப்பக்கம்தான். கலிபோர்னியாவில் ஒரு லொறியை முந்த வேண்டுமெண்டால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர் எட்டிப் பார்த்து 'போ' எண்டு சொல்ல வேண்டும். தனியாகப் போனால் நம்பிக்கைதான் துணை. ஹீற்றர் இல்லை. கதவுக்கு மேலே கண்ணாடிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டுகிற பக்கத் திரைகள். மழை வருவது தெரிந்ததும் நிறுத்தி, இறங்கி, சீற்றுக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டி முடிக்க மழை விட்டிருக்கும்.

இதெல்லாம் இருந்தும் அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினார்கள். அவர்களுடைய கார்கள் அப்போது பெரிசு, மெத்தை மாதிரி. வளைவில் படகு போலச் சாயும். டி.சி.யோ சின்னது, றோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்குச் சொல்லும். அந்த 'உயிரோட்டத்துக்கு' அவர்கள் கொடுத்த விலைதான் இந்தக் கரைச்சல்.

1950க்கான மாதிரியாக 'டி.டி.' வந்தது. முன்பக்க ஸ்பிரிங் திருந்தியது. இடப்பக்க ஸ்டியரிங்கும் கிடைத்தது. 30,000க்குக் கிட்ட விற்றது, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. ஆனால் பழைய ஆக்கள் சந்தோசப்படவில்லை. கம்பிச் சில்லு போய்த் தகரச் சில்லு வந்துவிட்டது, கார் மெத்தையாகிவிட்டது எண்டு முறைப்பட்டார்கள். இது திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்று. ஒரு கரைச்சல் போகும்போது அதற்காகத் துக்கம் கொண்டாட ஆக்கள் இருப்பார்கள்.

தவளைக் கண்

இப்ப டிக்கி இல்லாத காருக்குத் திரும்பி வருவம்.

ஒஸ்டினும் மொறிஸும் 1952இல் ஒன்றாகி பி.எம்.சி. ஆனது. அதன் தலைவர் லெனார்ட் லோர்ட். டொனால்ட் ஹீலி 1931இல் மொன்ரே கார்லோ ரலியை வென்றவர், பிறகு தன் பெயரிலேயே கார் செய்தவர். இந்த இருவரின் பேச்சில்தான் ஸ்பிரைட் பிறந்தது. நோக்கம், இளம் ஆட்கள் வாங்கக்கூடிய ஒரு மலிவான ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் பி.எம்.சி.யின் 'ஏ சீரிஸ்' 948 சிசி. முன்பக்க சஸ்பென்சன் ஒஸ்டின் ஏ35இலிருந்து. ஸ்டியரிங் மொறிஸ் மைனரிலிருந்து. 43 குதிரைவலு. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 20 செக்கனுக்கு மேல். அதாவது ஸ்போர்ட்ஸ் கார் எண்டு பேர், வேகம் இல்லை. ஆனால் காரின் நிறை 700 கிலோவுக்கும் குறைவு. தரைக்குக் கிட்ட இருந்து ஓட்டும்போது 40 மைலே 80 மாதிரி இருக்கும்.

வரியோடு விலை ஏறத்தாழ 670 பவுண். இதில் மூன்றில் ஒரு பங்கு கொள்வனவு வரி. மிச்சத்துக்குள் ஒரு கார் செய்து, லாபமும் எடுக்க வேண்டும். இனி ஒவ்வொரு கரைச்சலாகப் பாருங்கள்.

டிக்கிக் கதவு ஏன் இல்லை? ஸ்பிரைட்டுக்கு முழுநீள அடிச்சட்டம் இல்லை. உடம்புத் தகரமே பாரத்தைத் தாங்குகிறது. பின்பக்கத்தில் பெரிய ஓட்டை வெட்டினால் உடம்பு பலவீனமாகும், அதைச் சரிக்கட்ட மேலதிக இரும்பு வேண்டும். கதவு, பிணைச்சல், பூட்டு எல்லாம் தனிச் செலவு. வெட்டாமல் விட்டால் இரண்டும் மிச்சம்.

வெளியே கதவுக் கைபிடி ஏன் இல்லை? உள்ளே கையை விட்டுத் திறக்கலாம்தானே. பூட்டு? இல்லை. துணிக் கூரைக் காரை யாரும் கத்தியால் வெட்டித் திறக்கலாம், பிறகு பூட்டு எதுக்கு? ஏற்றி இறக்கும் கண்ணாடி? இல்லை, பக்கத் திரைதான். ஹீற்றர், முன் பம்பர், எஞ்சின் சுற்றைக் காட்டும் மீற்றர் மூன்றுக்கும் தனிக் காசு.

லைட் ஏன் பொனெட்டுக்கு மேலே தவளைக் கண் போல முழிச்சுக்கொண்டு நிற்கிறது? முதல் வரைபடத்தில் அந்த லைட்டுகள் மடங்கிப் படுக்க இருந்தன. தேவைப்படும்போது மட்டும் எழும்பும். அந்தப் பொறிமுறைக்குச் செலவு கூட எண்டு கடைசி நேரத்தில் வெட்டிவிட்டார்கள். லைட் எழும்பிய நிலையிலேயே நிரந்தரமாக நின்றுவிட்டது. இண்டைக்கு எல்லாரும் 'என்ன வடிவு' எண்டு கொஞ்சுகிற அந்த முகம் ஒரு கணக்காளரின் பென்சில் வெட்டினால் வந்தது.

பொனெட்டும் அப்படித்தான். முன்பக்கம் முழுவதும், மட்காட்டோடு சேர்த்து, ஒரே துண்டாக மேலே எழும்பும். எஞ்சினை எல்லாப் பக்கத்தாலும் தொடலாம், நல்ல வசதி. ஆனால் பாரம். தூக்கிக் கம்பியில் நிறுத்திவிட்டுக் கீழே குனிகிறவருக்கு, காற்றடிக்கிற நாளில், தலைக்கு மேலே என்ன தொங்குகிறது எண்டு தெரியும். பிற்காலத்தில் பல உரிமையாளர்கள் பிணைச்சலை முன்பக்கத்துக்கு மாற்றிப் பூட்டிக்கொண்டார்கள்.

இதோடு ஆயிரம் மைலுக்கு ஒருக்கா முன்சில்லுகளின் மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிக்க வேண்டும். இரட்டைக் காபுரேற்றர் இரண்டும் ஒரே அளவாக மூச்சு விடுகிறதா எண்டு பார்த்துச் சமப்படுத்த வேண்டும். ஒயில் ஒழுகும். அதற்கும் காரணம் உண்டு. ஏ சீரிஸ் எஞ்சினின் பின் முனையில் ஒயிலை அடைத்துப் பிடிக்க இறப்பர் சீல் இல்லை. தண்டிலேயே திருகாணிப் புரி போல ஒரு தவாளிப்பு வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போது அது ஒயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். நின்றால் தள்ளாது. ஏற்றத்தில் மூக்கை மேலே வைத்து நிறுத்தினால் கீழே ஒரு கறுப்புப் பொட்டு.

இருட்டின் இளவரசர்

பிரித்தானியக் கார்களைப் பற்றிய பகிடிகளில் பாதிக்கு மேல் ஒரே பெயரில்தான் முடியும்: லூக்காஸ். பேர்மிங்ஹாமிலிருந்த இந்தக் கொம்பனிதான் அந்நாட்டுக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லைட், டைனமோ, சுவிட்ச், வயர் எல்லாம் கொடுத்தது. அமெரிக்க உரிமையாளர்கள் அதன் நிறுவனருக்கு 'இருட்டின் இளவரசர்' எண்டு பட்டம் வைத்தார்கள். ஆங்கில விவிலிய மரபில் அது சாத்தானின் பெயர்.

பகிடியை விட்டுப் பார்த்தால் விஷயம் நேரானது. இந்தக் கார்களில் மின்சாரம் போவதற்குத்தான் வயர், திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியே. வயர் உடம்போடு முறுக்கப்பட்ட இடத்தில் கறள் பிடித்தால் சுற்று அறுந்து போகும். வயர்களைச் செருகி இணைக்கிற சின்னக் குழாய்களுக்குள் ஈரம் போனாலும் அதே கதை. துணிக்கூரைக் காருக்குள் ஈரத்துக்குக் குறைவா? முழுக் காருக்கும் இரண்டே இரண்டு பியூஸ். ஆகவே ஹோர்ன் பழுதானால் அதோடு சம்பந்தமே இல்லாத வேறொன்றும் நின்றுபோகலாம்.

லூக்காஸ்காரனுக்கு நல்ல வயர் செய்யத் தெரியாமல் இல்லை. கார்க் கொம்பனி கேட்ட விலைக்குத்தான் பொருள். சந்தையில் போட்டியும் குறைவு. 1963இல் பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு வாகன மின்கருவி வழங்கலை ஆராய்ந்து ஒரு அறிக்கையே வெளியிட்டது. லைட் அணைஞ்ச இருட்டுக்குள் நின்று திட்டிக்கொண்டிருந்தவருக்கு அது தன்னுடைய கெட்ட காலம். வரலாற்று மாணவருக்கு அது சந்தை அமைப்பு.

ஈரத்துக்கு இன்னொரு நல்ல உதாரணம் மினி. 1959இல் வந்த மினிக்கும் அதே ஏ சீரிஸ் எஞ்சின்தான், ஆனால் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். அதனால் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கிற டிஸ்ரிபியூட்டர் முன் கிறிலுக்குப் பின்னால் வந்துவிட்டது. மழைத்தண்ணி நேரே அதில் அடிக்கும், எஞ்சின் செத்துப்போகும். இறப்பர் கையுறையை அதற்கு மேலே மாட்டி, விரல்கள் வழியே வயரை விட்டு ஓட்டினவர்கள் உண்டு. இந்த மினியின் கூப்பர் வகைதான் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ரலியை வென்றது. வென்ற காருக்கும் மழையில் செத்த காருக்கும் எஞ்சின் குடும்பம் ஒன்றே.

கரைச்சல் போனால் என்ன மிஞ்சும்?

1961இல் ஸ்பிரைட்டுக்கு டிக்கிக் கதவு வந்தது. தவளைக் கண் போனது. 1964இல் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வெளிக் கைபிடியும் வந்தன. இரட்டைச் சகோதரமான எம்.ஜி. மிட்ஜெட்டுக்கும் அதே. 1966இல் கூரை உடம்போடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டது, கழற்றி மாட்டத் தேவையில்லை. ஒவ்வொரு கரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் அல்ல: பெரிய தம்பியான எம்.ஜி.பி.யில் 1974 வரை சீற்றுக்குப் பின்னால் தளத்துக்குக் கீழே இரண்டு 6 வோல்ட் பற்றரிகளை ஒளித்து வைத்திருந்தார்கள். பார்க்கக் கஷ்டமான இடத்தில் இருக்கிற பற்றரிக்கு யாரும் தண்ணி ஊற்றுவதில்லை. அது காலையில் தெரியவரும்.

1974இல் அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டங்களுக்காகப் பெரிய கறுப்புப் பம்பர்கள் வந்தன, கார் தரையிலிருந்து உயர்த்தப்பட்டது, வளைவில் இருந்த பிடி குறைந்தது. 1979இல் மிட்ஜெட் நின்றது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலையே மூடப்பட்டது. வேலை செய்தவர்களுக்கு அது சின்னக் கரைச்சல் அல்ல.

வெறுமையாகிய இடத்தை நிரப்பினது ஜப்பான். பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளர், பழைய பிரித்தானிய மாதிரியில் ஒரு சின்னத் திறந்த கார் செய்யலாமே எண்டு மஸ்டா கொம்பனியிடம் சொன்னார், பிறகு அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். தொஷிஹிக்கோ ஹிராய் தலைமையில் அந்தக் கார் உருவானது. 1989இல் சிக்காகோவில் காட்டப்பட்ட எம்.எக்ஸ்-5 அதுதான்.

அதன் பொறியியலாளர்களின் வேலை ஒருவகையில் கரைச்சல்களைத் தரம்பிரிப்பதாகவே இருந்தது. எது தேவையில்லாத கரைச்சல், எது இன்பத்தின் பகுதி? ஒழுகல், அணைகிற லைட், ஒயில் பொட்டு தேவையில்லை, தூக்கு. கூரையைச் சீற்றில் இருந்தபடியே ஒரு கையால் மூடலாம். ஆனால் இரண்டு சீற்றுதான், பின்சில்லுதான் ஓடவேண்டும், நிறை குறைவாக இருக்க வேண்டும், கியர் கையால் போட வேண்டும், அவற்றை விடு. சைலன்சரின் சத்தத்தைக்கூட எப்படி இருக்க வேண்டும் எண்டு திட்டமிட்டார்கள். 2016இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. இரண்டு சீற்று ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே கூட விற்றது அதுதான்.

கரைச்சல் முழுக்கப் போனதா? இல்லை. முதல் எம்.எக்ஸ்-5இன் பின்கண்ணாடி பிளாஸ்ரிக். கூரையை மடிக்க முதல் அதன் சிப்பைக் கழற்ற வேண்டும், மறந்தால் மடிப்பு விழும், வெயிலில் மங்கும். சின்ன டிக்கிக்குள்ளே பற்றரியும் ஸ்பெயார் சில்லும் பங்குக்கு. கூரையிலிருந்து மழைத்தண்ணி வடிகிற ஓட்டை இலை குப்பையால் அடைத்தால் தண்ணி உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழுள்ள தகரத்தைக் கறள் தின்னும். ஆனால் இவை வீட்டுச் சண்டை மாதிரி. காரை நடுறோட்டில் நிறுத்துவதில்லை.

அதே எஞ்சின், வேறு றோட்டு

இவ்வளவு நேரமும் நாங்கள் 'கரைச்சல்' எண்டு சிரித்துக்கொண்டு எழுதினோம். சிரிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தக் கார்களை வைத்திருந்தவர்களுக்கு மாற்றுவழி இருந்தது. ஸ்பிரைட் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ரெயின் இருந்தது, பஸ் இருந்தது, பலருக்கு இன்னொரு காரும் இருந்தது. கரைச்சலைத் தெரிந்தெடுக்கிற வசதி அவர்களுக்கு இருந்தது.

அதே ஏ சீரிஸ் எஞ்சின் எங்கட நாட்டிலும் ஓடியது. ஸ்பிரைட்டுக்கு ஸ்டியரிங் இரவல் கொடுத்த மொறிஸ் மைனர், சஸ்பென்சன் கொடுத்த ஒஸ்டின் ஏ35, இரண்டையும் எங்கட அப்பப்பாமாருக்குத் தெரியும். 1956க்குப் பிறகு வந்த மைனரில் இருந்தது அதே 948 சிசிதான். ஸ்பிரைட்டில் இரட்டைக் காபுரேற்றர், மைனரில் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இருக்கிற காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. மைனரும் ஏ40உம் இலங்கையில் இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்ததற்கு ரசனை காரணமில்லை, இறக்குமதிக் கொள்கைதான் காரணம்.

பிறகு 1990. வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓடின பழைய கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகினதும் மண்ணெண்ணெய் குடிக்க விடுவது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெற்றோல். பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அதனால் அடித்துக்கொண்டாவது ஓடும். புதுசாக வந்த எஞ்சின்களை விட, எவராலும் கழற்றிப் பூட்டக்கூடிய காபுரேற்றரும் பொயின்றும் இருந்த இந்தப் பழசுகளுக்குத்தான் அந்த வேலை சரிவந்தது. வெள்ளைப் புகை, கண் எரிவு, பிளக்கில் கரி, எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்குவது. அந்தக் கார்களில்தான் கலியாணத்துக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிக்கும் போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கார் நின்றால் அதற்குப் பெயர் சின்னக் கரைச்சல் இல்லை.

இதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்ற ஒரு நிலையத்துக்காக, இலங்கையின் தெற்கில் மைனரின் உடம்புத் தகரங்கள் செய்யப்பட்டுக் கப்பலேறின. ஒரே தீவு. ஒரு பக்கத்தில் மைனருக்குப் புதுத் தகரம் அடித்து, அதை ஆசைக்காக வைத்திருக்கிறவர்களுக்கு அனுப்புகிறார்கள். மறுபக்கத்தில் அதே மைனரை வேறு வழியில்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்கள். இதை எழுதும்போது எங்களுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிரித்தானியாவில் ஸ்பிரைட்டுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த ஆணி மாறியது எண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய திருத்தற் கைநூல்கள் இண்டைக்கும் மறுபதிப்பாகின்றன. இறப்பர் கையுறை மாட்டிய கதைகூடப் பதிவாகியிருக்கிறது. கரைச்சல் அங்கே மரபுரிமையாகிவிட்டது. எங்கட பக்கத்திலோ, எத்தனை துளி பெற்றோல், எவ்வளவு சூடாகினதும் மாற்றுவது, பிளக்கை எத்தனை நாளைக்கு ஒருக்கா சுரண்டுவது என்ற அறிவு முழுவதும் கராஜ்காரர்களின் கைகளில்தான் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு இப்ப எழுபது, எண்பது வயது.

நாங்கள் வகுப்பில் போரின் வரலாற்றைத் திகதிகளாகவும் ஒப்பந்தங்களாகவும் படிக்கிறோம். அது வேணும். ஆனால் ஒரு எஞ்சின் எதைக் குடித்து ஓடியது என்பதும் வரலாறுதான். உங்கட வீட்டிலோ ஒழுங்கையிலோ அந்தக் காலத்தில் கார் திருத்தின, ஹயர் ஓடின ஒராள் இருந்தால், இந்தக் கிழமையே போய் ஒரு தேத்தண்ணியோடு இருந்து கேளுங்கோ. அவர் சொல்லுறதை அப்படியே எழுதி எடுங்கோ, எங்களுக்கும் அனுப்புங்கோ. ஸ்பிரைட்டுக்கு இருக்கிற மாதிரி ஒரு கைநூல் அந்த மண்ணெண்ணெய் மைனருக்கும் இருக்கட்டும்.